தோட்டாவைத் திருத்தினால் குறி திருந்துமா?

மாணவர்களே, பள்ளித் திடலின் 400 மீட்டர் ஓட்டப்பாதையை இரண்டே கால் முறை சுற்றி வரும் தூரத்தை ஒரே நேர்கோடாக நீட்டி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் அந்த முனையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. இந்த முனையில் குப்புறப் படுத்திருக்கும் ஒருவர் அந்தத் தட்டைத் துப்பாக்கியால் சுட வேண்டும். ஒருமுறை அல்ல, பதினைந்து இருபது முறை. எல்லாமே தட்டுக்குள் விழ வேண்டும்.

'எஃப் கிளாஸ்' எனப்படும் நெடுந்தூரத் துப்பாக்கி சுடும் போட்டி இப்படித்தான் நடக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவார்சன் தொடங்கி வைத்த பிரிவு இது. பெயரில் உள்ள 'எஃப்' அவருடைய பெயரின் முதலெழுத்து. துப்பாக்கியை ஒரு தாங்கியில் ஊன்றிக்கொள்ளலாம், தொலைநோக்கி பொருத்திக்கொள்ளலாம். தூரம் பெரும்பாலும் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர். முழுப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் சுமார் 25 சென்டிமீட்டர். அதற்குள் 12.7 சென்டிமீட்டரில் இன்னொரு வட்டம் உண்டு. புள்ளிகள் சமமானால் அதில் விழுந்த குண்டுகளை எண்ணித்தான் வெற்றியாளரை முடிவு செய்வார்கள்.

இந்தப் பிரிவில் போட்டியிடுவோரில் பெரும்பாலோர் கடைத் தோட்டாவை வாங்குவதில்லை. தாங்களே வீட்டில் உட்கார்ந்து தயாரித்துக்கொள்கிறார்கள். ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி எழுப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுப்பார்கள். குண்டுகளை எடை வாரியாகப் பிரிப்பார்கள். குண்டு எவ்வளவு ஆழம் செருகப்பட வேண்டும் என்பதை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். பிறகு மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வோர் அளவிலும் சில குண்டுகள் சுட்டு, எது மிக நெருக்கமாக விழுகிறது என்று பார்ப்பார்கள். பல மாலைகள் இதிலேயே கழிந்துவிடும். (இது அந்நாடுகளில் உரிமம் பெற்றவர்கள் சட்டப்படி செய்வது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் தோட்டாவை வைத்திருப்பதே கடுமையான குற்றம். நாம் இங்கே அறிவியலை மட்டும் பார்க்கப்போகிறோம்.)

இத்தனை நுணுக்கமும் வெற்றிக்கு உதவுகிறதா? அல்லது மனத்திருப்திக்குத்தானா?

முதலில் இயற்பியல். குண்டு குழலைவிட்டு வெளியேறிய நொடியிலிருந்தே கீழே விழத் தொடங்குகிறது. ஈர்ப்பு விசை அதற்குச் சலுகை எதுவும் தருவதில்லை. ஆகவே குழலைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துச் சுடுகிறார்கள். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் புறப்படும் 7.62 மில்லிமீட்டர் குண்டு 1000 கெஜத்தைக் கடக்கச் சுமார் ஒன்றரை நொடி எடுத்துக்கொள்கிறது. புறப்படும் வேகம் கொஞ்சம் குறைந்தால் பயண நேரம் கூடும். நேரம் கூடினால் இன்னும் அதிகமாக விழும். இந்தத் தூரத்தில், வேகத்தில் ஏற்படும் ஒவ்வொரு நொடிக்கு 1 மீட்டர் வித்தியாசமும் குண்டைச் சுமார் 2 சென்டிமீட்டர் மேலோ கீழோ நகர்த்துகிறது.

மருந்து 6 மில்லிகிராம் கூடினால் வேகம் ஏறக்குறைய 1.5 முதல் 2 மீட்டர் வரை கூடும். ஓர் அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். அதில் கால்வாசியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அந்தத் துளி இலக்கில் 3, 4 சென்டிமீட்டராக மாறுகிறது. எனவே மருந்தை நிறுப்பவர் பைத்தியக்காரர் அல்லர். ஆனால் இதே வித்தியாசம் 300 கெஜத்தில் சில மில்லிமீட்டர்தான். அங்கே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒரே மாதிரித் தயாரித்த தோட்டாக்களின் வேகமும் ஒன்றுபோல் இருக்காது. சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதை அளக்கத் திட்ட விலக்கம் உதவுகிறது. மலேசிய மாணவர்கள் இதைச் 'சிசிஹான் பியாவாய்' என்றும், சிங்கப்பூர் மாணவர்கள் 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்றும் கணிதப் பாடத்தில் படிக்கிறீர்கள். சாதாரணத் தோட்டாவில் இது நொடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கவனமாகத் தயாரித்ததில் 3 மீட்டர். மிகமிக நுணுக்கமாகச் செய்ததில் 2 மீட்டர். இலக்கில் அவை முறையே 12, 6, 4 சென்டிமீட்டர் உயரச் சிதறலாகத் தெரியும்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 12இலிருந்து 6 ஆகக் குறைத்தோம், அடுத்து 6இலிருந்து 4; இரண்டும் நல்ல முன்னேற்றம்தானே என்று தோன்றும். ஆனால் குண்டு மேலும் கீழும் சிதறுவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. குழலின் அதிர்வு, குண்டின் உட்சமநிலையில் உள்ள சிறு கோணல், சுடுபவரின் மூச்சு, விரல் அழுத்தம் எல்லாம் சேர்ந்து தம் பங்குக்கு ஒரு சிதறலைத் தருகின்றன. அது 8 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். மொத்தச் சிதறல் என்ன? 8ஐயும் 6ஐயும் கூட்டி 14 என்றால் தவறு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகள் சிலசமயம் ஒரே திசையில் சேரும், சிலசமயம் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டும். அதனால் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு உங்களுக்குப் பழக்கமானதுதான். செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களிலிருந்து கர்ணத்தைக் கண்டுபிடிக்கும் பைதாகரஸ் தேற்றம். பக்கங்கள் 6, 8 என்றால் கர்ணம் 10.

இப்போது மூன்று நிலைகளையும் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தோட்டாவுக்கு 12உம் 8உம் சேர்ந்து 14.4. கவனமான தோட்டாவுக்கு 10. அதிநுணுக்கமானதற்கு 8.9. முதல் திருத்தம் மொத்தச் சிதறலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. இரண்டாவது திருத்தம் அதைவிட அதிக உழைப்பைக் கேட்கும். குறைத்ததோ பத்தில் ஒரு பங்கு. சுடப்படும் 100 குண்டுகளில் உயரத்தால் மட்டும் வட்டத்தைத் தாண்டுபவை எத்தனை என்று கணக்கிட்டால், முதல் நிலையில் 38, அடுத்து 20, கடைசியில் 16. 38ஐ 20 ஆக்குவது பெரிய வேலை; அதற்குத் தோட்டா தயாரிப்பது நிச்சயம் தகும். 20ஐ 16 ஆக்குவதும் போட்டியின் உச்சியில் நிற்பவருக்குத் தேவைப்படலாம். அதற்கும் கீழே போகப் போக, முக்கோணத்தின் குட்டைப் பக்கத்தை வெட்டிக்கொண்டே இருக்கிறோம். கர்ணம் அசையவே மாட்டேன் என்கிறது.

உயரம் ஒரு பக்கம் இருக்கட்டும். இடமும் வலமும் தள்ளுவது காற்று.

காற்றுத் தள்ளலைக் கணக்கிட அழகான பழைய விதி ஒன்று உண்டு. குண்டு உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, வெற்றிடத்தில் எடுத்திருக்கக்கூடிய நேரத்தைக் கழியுங்கள். மீதியைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். நம் குண்டுக்கு உண்மை நேரம் சுமார் 1.5 நொடி. காற்றே இல்லாவிட்டால் வேகம் குறையாமல் 1 நொடியில் போய்ச் சேர்ந்திருக்கும். தாமதம் அரை நொடி. ஆகவே நொடிக்கு 1 மீட்டர் வேகமுள்ள குறுக்குக் காற்று குண்டை அரை மீட்டர் தள்ளிவிடும். நாம் சாதாரணமாக நடக்கும் வேகமே நொடிக்கு 1.4 மீட்டர்; அதைவிட மெல்லிய காற்று இது, முகத்தில் பட்டும் படாமலும் போகும்.

சுடுபவர் காற்றை நொடிக்கு அரை மீட்டர் மட்டும் தவறாக மதிப்பிட்டால் குண்டு 25 சென்டிமீட்டர் விலகும். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை 12.7 சென்டிமீட்டர்தான். தோட்டா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் குண்டு வெளியேதான் விழும். சுடும் தளம் நெடுகிலும் நிற்கும் கொடிகளைப் பார்த்தும், தொலைநோக்கியில் தெரியும் கானல் எந்தப் பக்கம் நெளிகிறது என்று பார்த்தும்தான் காற்றை ஊகிக்கிறார்கள். தூரத்தில் ஒரு கொடி ஒரு பக்கம் பறக்க, அருகில் இன்னொன்று தொங்கிக் கிடக்கும். இதைப் படிக்கக் கற்றவர்தான் நெடுந்தூரப் போட்டிகளில் வெல்கிறார்.

இதற்கு இங்கிலாந்தின் பிஸ்லியில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் பெரும் போட்டியின் 'டார்கெட் ரைஃபிள்' பிரிவில் யாரும் தம் தோட்டாவைக் கொண்டுவர முடியாது. எல்லாருக்கும் ஒரே வகைத் தோட்டாவை அமைப்பாளர்களே வழங்குகிறார்கள். 1860இல் விக்டோரியா அரசி தொடங்கிவைத்த பரிசு, இன்று மன்னர் பரிசு என்ற பெயரில், அந்தத் தோட்டாக்களாலேயே வெல்லப்படுகிறது. அதன் இறுதிச் சுற்று 900, 1000 கெஜத் தூரங்களில் நடக்கும். தோட்டா எல்லாருக்கும் ஒன்றே. ஆனாலும் முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே புள்ளிகள் பரந்து கிடக்கின்றன. அந்த வித்தியாசத்தைத் தோட்டாவின் கணக்கில் எழுத வழியில்லை.

சரி, தோட்டாவைத் திருத்துவதில் ஓரளவு பயன் உண்டு என்று ஒப்புக்கொள்வோம். ஆனால் எந்தத் திருத்தம் உண்மையில் பயன் தந்தது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? என் பார்வையில் இந்த விஷயத்தின் சுவையான பகுதி இதுதான். துப்பாக்கியே தேவையில்லை, உங்கள் வீட்டு மேசையில் செய்து பார்க்கலாம்.

பரமபத ஆட்டத்துக்கு வைத்திருக்கும் பகடைகள் இரண்டையும் ஒரு கட்டம்போட்ட தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவே கூட்டல் குறி ஒன்று போடுங்கள், அதுதான் குறி. இரண்டு பகடைகளையும் உருட்டி, கூட்டுத்தொகையிலிருந்து 7ஐக் கழியுங்கள். விடை 3 என்றால் வலப்பக்கம் 3 சென்டிமீட்டர்; −2 என்றால் இடப்பக்கம் 2. மறுபடி உருட்டி, அதே போல மேலே அல்லது கீழே எவ்வளவு என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு குண்டு சுட்டாயிற்று. இப்படி மூன்று புள்ளிகள் வைத்து, அவற்றில் மிக அதிகத் தொலைவில் உள்ள இரண்டுக்கு இடையே அளவுகோலால் அளந்து எழுதுங்கள். போட்டியாளர்கள் மூன்று குண்டுகள் சுட்டு அளப்பது இதைத்தான். துளைக்கூட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கூட்டத்துக்கு 'அ' என்று பெயரிடுங்கள். புதுத் தாளில் அடுத்தது 'ஆ'. இப்படி 'ஒ' வரை பத்துக் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் மருந்து சிறிது சிறிதாகக் கூடுகிறது என்று பாவனை செய்துகொள்ளுங்கள்.

பத்து அளவுகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். சராசரி 6 சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஆனால் மிகச் சிறிய கூட்டம் 2, 3 சென்டிமீட்டராக இருக்கலாம். மிகப் பெரியது 9ஐத் தொடலாம். மூன்று மடங்கு வித்தியாசம்! 'உ' என்ற மருந்தளவு அற்புதம், 'ஈ' படுமோசம் என்று யாருக்கும் சொல்லத் தோன்றும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய கூட்டங்கள் அமைந்துவிட்டால் இன்னும் நம்பிக்கை வந்துவிடும். இதோ இந்த வட்டாரத்தில்தான் குழலுக்குப் பிடித்த அளவு இருக்கிறது என்பார்கள். ஆனால் நீங்கள் உருட்டியது அதே பகடைகளைத்தான். மருந்தும் மாறவில்லை, எதுவும் மாறவில்லை.

இப்போது வெற்றி பெற்ற 'உ'வை மட்டும் எடுத்து, அதே பகடைகளால் இன்னும் பத்துக் கூட்டங்கள் சுடுங்கள். சராசரி மீண்டும் 6ஐ ஒட்டி வந்து நிற்கும். போட்டியாளர்கள் இந்த நிலைக்கு வரும்போது, "நேற்று நன்றாக இருந்தது, இன்று வெயில் அதிகம்" என்று காரணம் தேடுவதுண்டு. வெயில் உண்மையிலேயே ஒரு காரணமாக இருக்கலாம். மருந்து சூடானால் வேகமாக எரியும். ஆனால் காரணமே தேவைப்படாத மாற்றத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது மனித இயல்பு.

வேகத்தை அளப்பதிலும் இதே பொறி இருக்கிறது. உண்மையான திட்ட விலக்கம் நொடிக்கு 3 மீட்டராக உள்ள தோட்டாக்களில் ஐந்தை மட்டும் சுட்டு அளந்தால், கருவி 1 என்றும் காட்டலாம், 5 என்றும் காட்டலாம். இரண்டும் நடக்கக்கூடியவையே. முப்பது சுட்டால் விடை பெரும்பாலும் 2.2க்கும் 3.8க்கும் இடையே அடங்கும். அதுவும் அவ்வளவு துல்லியமில்லை என்பதைக் கவனியுங்கள். சிதறலில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது என்று ஐயமின்றிக் காட்ட வேண்டுமானால் பழைய தோட்டாவிலும் புதியதிலும் தலா சில நூறு குண்டுகள் சுட வேண்டும். அதற்குள் குழலே தேயத் தொடங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

சிறிய மாதிரிகளை நம்பி ஏமாறும் இந்தச் சிக்கலை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் ஒருவர் துப்பாக்கிக்காரர் அல்லர். வில்லியம் கோசெட், அயர்லாந்தின் டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். பார்லி, ஹாப்ஸ் ஆகியவற்றைச் சில மாதிரிகளை மட்டும் வைத்துச் சோதித்து முடிவெடுக்க வேண்டிய நிலை அவருக்கு இருந்தது. நான்கைந்து அளவீடுகளிலிருந்து எவ்வளவு துணிந்து பேசலாம் என்ற கணக்கை 1908இல் வெளியிட்டார். சொந்தப் பெயரில் வெளியிடவில்லை. அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஸ்டூடண்ட்'. மாணவர்! இன்றும் பல்கலைக்கழகங்களில் அந்தச் சோதனைக்கு மாணவர் பெயர்தான்.

அப்படியானால் குழலுக்குப் பிடித்த அளவு என்பதே கற்பனையா? இல்லை; அவசரப்பட வேண்டாம். சுடும்போது குழல் அதிர்வதும், குண்டு வெளியேறும் கணத்தில் அதன் வாய் மேலோ கீழோ அசைந்துகொண்டிருப்பதும் உண்மை. பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்திய லீ என்ஃபீல்டு ரைஃபிளில் பூட்டும் பகுதி சற்று நெகிழும் அமைப்புடையது. அதனால் மெதுவாகப் புறப்படும் குண்டு, குழல் வாய் சற்று மேலே எழுந்த நேரத்தில் வெளியேறும். மெதுவான குண்டு அதிகம் விழும். ஆனால் அது சற்று மேல்நோக்கிப் புறப்பட்டதால் இரண்டும் ஈடாகிவிடும். இதனாலேயே கிட்டத்தில் சுமாராகச் சுடும் அந்த ரைஃபிள்கள் 1000 கெஜத்தில் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சுட்டன. இது மூன்று குண்டுகளை வைத்துச் சொல்லப்பட்டதில்லை. பல ஆண்டுகளாகப் பலர் சுட்ட அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது.

'பெஞ்ச்ரெஸ்ட்' என்ற பிரிவையும் சொல்ல வேண்டும். அங்கே ரைஃபிளைக் கனமான மேசைமேல் ஊன்றி, 100, 200 கெஜத்தில் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை மட்டும் அளப்பார்கள். சுடுபவரின் பங்கு மிகக் குறைவு. காற்றின் பங்கும் நெடுந்தூரத்தைவிடக் குறைவு. நம் முக்கோணத்தின் நெடிய பக்கம் குறுகிவிட்டதால், தோட்டா என்ற குட்டைப் பக்கம் அங்கே பெரிதாகத் தெரிகிறது. தோட்டாவைக் கொஞ்சிச் சீராட்டுவதற்கு நியாயமான இடம் என்றால் அதுதான்.

நம் பகுதிக்கு வருவோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாகக் களமிறங்கிய மலேசியாவின் நூர் சுர்யானி தைபியும், 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் இரண்டு தங்கம் வென்ற சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோவும் போட்டியிட்ட பிரிவுகளில் கையால் தோட்டா தயாரிக்கும் வழக்கமே இல்லை. 10 மீட்டர் பிரிவில் காற்றழுத்த ரைஃபிள். 50 மீட்டர் பிரிவில் ஆலையில் செய்த.22 தோட்டா. ஆனால் அங்கேயும் இதே கேள்வி வேறு வேடத்தில் வருகிறது. ஒரே ஆலையின் ஒரே வகைத் தோட்டாவும் தொகுதிக்குத் தொகுதி சற்று வேறுபடும். ஆகவே முன்னணி வீரர்கள் இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ உள்ள தயாரிப்பாளரின் சோதனைக் கூடத்துக்குத் தங்கள் ரைஃபிளைக் கொண்டுபோய், இரும்புப் பிடியில் பூட்டிப் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, சிறந்ததை மொத்தமாக வாங்கிவருகிறார்கள்.

அந்தத் தேர்வு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் பகடையாலேயே பார்த்துவிடலாம். முன்பு செய்தது போல இரண்டு பகடைகளால் சுடுவது சாதாரணத் தொகுதி. இன்னொரு தொகுதிக்கு ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒரு பகடையை உருட்டி, விழுந்த எண்ணிலிருந்து 3.5ஐக் கழியுங்கள். இது உண்மையிலேயே சிறந்த தொகுதி. சிதறல் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. இரண்டையும் மூன்று மூன்று குண்டுகளாக இருபது முறை மோதவிட்டு, மோசமான தொகுதி எத்தனை முறை வெல்கிறது என்று எண்ணுங்கள். பிறகு மூன்றுக்குப் பதில் பத்துப் பத்துக் குண்டுகளாக மோதவிடுங்கள். இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கணித ஆசிரியரிடம் காட்டுங்கள்.